தெற்கே அடுத்தடுத்துத் தெரியும் அந்த இரண்டு நட்சத்திரங்கள்

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மே மாத இரவில் மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால், அடிவானத்துக்குச் சற்று மேலே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கம் பக்கமாகத் தெரிகின்றன. சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் அவற்றில் ஒன்றுதான் என்று மகன் சொல்கிறான். உண்மையா? இரண்டுமே அருகில்தான் இருக்கின்றனவா? அங்கே பூமி போன்ற கோள் இருப்பதாகவும் சொல்கிறார்களே? நன்றாகப் பார்க்க எந்தக் கருவி வாங்கலாம்?"

மகன் சொன்னது ஏறக்குறைய சரி. இடப்பக்கம், அதாவது கிழக்குப் பக்கம், சற்று மஞ்சளாகத் தெரிவது ஆல்ஃபா சென்டாரி. வலப்பக்கம் நீலம் கலந்த வெண்மையில் தெரிவது பீட்டா சென்டாரி. ஹடார் என்றும் சொல்வார்கள். இரண்டும் சென்டாரஸ் என்ற விண்மீன் தொகுதியைச் சேர்ந்தவை. ஆனால் "இரண்டுமே அருகில்தானா" என்ற கேள்விக்கு இல்லை என்பதுதான் பதில். ஆல்ஃபா சுமார் 4.37 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஹடார் சுமார் 390 ஒளியாண்டுக்கு அப்பால். நம் கண்ணுக்கு அவற்றுக்கிடையே நாலரைப் பாகைகூட இல்லை; கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறைந்துவிடும் இடைவெளி. உண்மையில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்த உறவும் இல்லை. நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒரே திசையில் விழுகின்றன, அவ்வளவுதான். விண்மீன் தொகுதி என்பதே பெரும்பாலும் இப்படிப்பட்ட பார்வைக் கோட்டின் தற்செயல்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஜோடி வானத்தில் அதிகமில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹடாரைத் தூக்கி ஆல்ஃபா இருக்கும் தொலைவில் வைத்தால் அது இப்போது இருப்பதைப் போல ஏறக்குறைய 8,000 மடங்கு பிரகாசமாகத் தெரியும். வெள்ளிக் கோள் அதன் உச்ச ஒளியில்கூட அருகில் நிற்க முடியாது. பட்டப்பகலில் பார்க்கலாம், இரவில் அதன் ஒளியில் நம் நிழல் தரையில் விழும். மாறாக, ஆல்ஃபாவை ஹடாரின் தொலைவுக்குத் தள்ளினால் வெறுங்கண்ணுக்கு அது இல்லாமலே போய்விடும். ஒன்று பக்கத்தில் இருப்பதால் பிரகாசம்; மற்றது உள்ளபடியே பிரம்மாண்டம். ஹடார் என்பதும் ஒரு நட்சத்திரம் அல்ல. சூரியனைப் போல பத்து மடங்குக்கு மேல் எடையுள்ள இரண்டு பெரும் நட்சத்திரங்கள் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. மூன்றாவதாகச் சிறியது ஒன்று தள்ளி நிற்கிறது. அந்தப் பெரிய இரண்டும் எரிபொருளை ஊதாரித்தனமாகச் செலவழிப்பவை. வயது ஒன்றரைக் கோடி ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு என்பதோடு ஒப்பிட்டால் இதன் அவசரம் புரியும்.

உங்கள் ஊரில் இருந்து இவற்றைப் பார்க்க முடிவதே ஒரு சலுகை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆல்ஃபா சென்டாரி, பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் வான நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 61 பாகை தெற்கே இருக்கிறது. ஆகவே தூத்துக்குடியில் அது அதிகபட்சம் 20 பாகை உயரம் ஏறும். கன்னியாகுமரியில் 21, மதுரையில் 19, சென்னையில் 16. இலங்கையின் தென்முனையான மாத்தறையில் 23. சிங்கப்பூரில் கிட்டத்தட்ட 28. டெல்லியில் அரைப் பாகைக்குச் சற்று மேலே வந்து எட்டிப்பார்த்துவிட்டு, புழுதியிலேயே மறைந்துவிடும். லண்டனில், பாரீஸில் எந்நாளும் உதிக்காது. ஐரோப்பாவின் பெரிய வானியலாளர்கள் பலர் சூரியனின் பக்கத்து வீட்டுக்காரனை ஒருமுறைகூடக் காணாமலே வாழ்ந்து முடித்தார்கள்.

பார்க்கும் நேரம்: மே மாத நடுவில் இரவு 11 மணிக்கு மேல் ஆல்ஃபா உச்சத்துக்கு வரும். நாளுக்கு நாலு நிமிடம் முந்திக்கொண்டே வருவதால், ஜூன் இறுதியில் எட்டரை மணிக்கே அந்த இடத்தில் நிற்கும். ஆனால் ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகம் தெற்கு வானத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களே உத்தமம். சிரியஸ், கனோபஸ் என்ற இரண்டுக்கும் அடுத்தபடியாக இரவு வானின் மூன்றாவது பிரகாசமான நட்சத்திரம் என்று ஆல்ஃபாவைப் புத்தகங்கள் சொல்லும். அதை நம்பி அண்ணாந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அடிவானத்தை ஒட்டி வரும் ஒளி காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வரவேண்டியிருப்பதால், நம் ஊரில் அது கணிசமாக மங்கித்தான் தெரியும். கடற்கரைதானே, திறந்த வானம் என்று சென்னை மெரினாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கடல் கிழக்கே இருக்கிறது, தெற்கே இருப்பது நகரத்தின் விளக்கு வெளிச்சம்.

அந்த இரண்டு நட்சத்திரங்களையும் இணைத்து ஆல்ஃபாவிலிருந்து ஹடார் வழியாக ஒரு கோட்டை வலப்பக்கம் நீட்டினால் தெற்குச் சிலுவையில் போய் முட்டும். திரிசங்கு என்று நம்மவர்கள் அடையாளம் காட்டும் தொகுதி அது. அதற்கும் மேற்கே இதே போல இன்னொரு சிலுவை இருக்கிறது. சற்றுப் பெரியது, மங்கலானது, வேலா, கரினா என்ற இரண்டு தொகுதிகளின் நட்சத்திரங்கள் சேர்ந்து அமைந்தது. புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் சிலுவை என்று நினைத்துக்கொள்வார்கள். அருகில் இந்த இரண்டு காவலர்களும் இருந்தால்தான் உண்மையான சிலுவை.

இனி தொகுதியைப் பற்றி. சென்டாரஸ் என்பது கிரேக்கக் கதைகளில் வரும், மேற்பாதி மனிதனும் கீழ்ப்பாதி குதிரையுமான உருவம். கிரோன் என்ற அறிவாளியான சென்டாரை, தவறுதலாக ஹெர்குலஸின் நச்சு அம்பு பட்டு இறந்தவனை, தேவர்கள் வானத்தில் வைத்தார்கள் என்பது கதை. ஆல்ஃபாவும் பீட்டாவும் குதிரையின் முன்னங்கால்களில் வருகின்றன. இன்று தனித்தொகுதியாக இருக்கும் தெற்குச் சிலுவையை அந்தக் காலத்தில் அதே குதிரையின் கால்களோடு சேர்த்துத்தான் எண்ணினார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் இருந்து பட்டியல் எழுதிய தாலமி இவற்றையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார்.

அலெக்சாண்டிரியா 31 பாகை வடக்கே இருக்கிறது. டெல்லியிலேயே சரியாகத் தெரியாதது அங்கே எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றும். பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 ஆண்டுக்கு ஒருமுறை மெல்லத் தள்ளாடிச் சுற்றுகிறது. அதனால் நட்சத்திரங்களின் இடம் வான நடுக்கோட்டைப் பொறுத்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. தாலமி காலத்திலிருந்து ஆல்ஃபா சென்டாரி சுமார் 9 பாகை தெற்கே போய்விட்டது. இதன் மறுபக்கம் நமக்குச் சுவையானது: சங்க காலத்துப் பூம்புகாரில் நின்று தெற்கே பார்த்தவன் கண்ணுக்கு இந்த இரண்டும் இன்று நாம் பார்ப்பதைவிட அவ்வளவு பாகை உயரத்தில், இன்னும் ஒளியோடு தெரிந்திருக்கும். ஆனாலும் நம் 27 நட்சத்திரப் பட்டியலில் இவற்றுக்கு இடம் கிடையாது. அந்தப் பட்டியல் நிலவு நடக்கும் பாதையை ஒட்டியது. நிலவு இவ்வளவு தெற்கே ஒருபோதும் இறங்காது. இவற்றை ஏதோ ஒரு ராசியோடு முடிச்சுப்போட்டு யாராவது பலன் சொன்னால் தாராளமாகச் சிரிக்கலாம்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆல்ஃபா சென்டாரி ஒரு நட்சத்திரம் அல்ல, இரண்டு என்பது முதன்முதலில் எங்கே தெரியவந்தது தெரியுமா? புதுச்சேரியில். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, கணிதமும் வானியலும் அறிந்த இயேசு சபைப் பாதிரியார் குழு ஒன்றைச் சயாம் நாட்டுக்கு அனுப்பினார். 1688இல் அங்கே அரசு கவிழ்ந்து, பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ழான் ரிஷோ. 1689 டிசம்பரில் அவர் புதுச்சேரியில் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் கவனித்துக்கொண்டிருந்தார். வால்மீன் இருந்த பகுதிக்கு அருகே சென்டாரின் கால் இருந்தது. அந்தப் பிரகாசமான ஒற்றைப் புள்ளி கண்ணாடிக்குள் இரண்டாகப் பிரிந்து நின்றது. இந்திய மண்ணில் தொலைநோக்கி கொண்டு நிகழ்ந்த முதல் வானியல் கண்டுபிடிப்பாக இதைத்தான் கருதுகிறார்கள். புதுச்சேரியில் இதற்கொரு கல்வெட்டாவது இருக்கலாம் என்பது என் ஆசை.

பிரிந்து தெரிந்த அந்த இரண்டில் பெரியது சூரியனின் அச்சு அசல்: அதே வகை, எடை ஒரு பத்து சதவீதம் போல அதிகம், ஒளி ஒன்றரை மடங்கு. சிறியது சற்று ஆரஞ்சு நிறம். சூரியனின் ஒளியில் ஏறக்குறைய பாதி. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 80 ஆண்டு ஆகிறது. பாதை நன்றாக நீண்ட வட்டம் என்பதால் நெருங்கும்போது இடைவெளி சூரியனுக்கும் சனிக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சமே அதிகம். விலகும்போது நெப்டியூனைத் தாண்டிப் போய்விடும். நம் பார்வையில் 2016இல் இரண்டும் 4 விகலை அளவுக்கு நெருங்கியிருந்தன. ஒரு பாகையில் 3,600 விகலை. அதன்பின் விலகிக்கொண்டே வருகின்றன. 2029 வாக்கில் சுமார் 10 விகலை ஆகும். ஆகையால் இந்தச் சில ஆண்டுகள், ஒரு சிறிய தொலைநோக்கியிலேயே ரிஷோ பார்த்ததை நீங்களும் பார்க்க ஏற்ற காலம்.

இவ்வளவு அருகில் இருக்கிறது என்பது தெரியவந்த கதை வேறு மாதிரி. ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை அளக்க, பூமி சூரியனின் ஒரு பக்கம் இருக்கும்போது ஒருமுறையும், ஆறு மாதம் கழித்து மறுபக்கம் வந்ததும் ஒருமுறையும் அதன் இடத்தைக் குறிக்க வேண்டும். அருகில் உள்ளது என்றால் பின்னணி நட்சத்திரங்களுக்கு நடுவே அது இம்மியளவு அசைந்ததாகத் தெரியும். தாமஸ் ஹென்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தொழில்முறையில் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், 1832இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்றுப் போனார். அந்த இடமே அவருக்குப் பிடிக்கவில்லை. ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்துவிட்டு 1833இலேயே ஊர் திரும்பினார். ஆனால் அதற்குள் எடுத்த அளவுகளில் ஆல்ஃபா சென்டாரியின் தூரம் ஒளிந்திருந்தது. அவர் உடனே வெளியிடவில்லை. கருவியில் பிழை இருக்குமோ என்ற தயக்கம். 1838இல் ஜெர்மனியின் பெசல், சிக்னஸ் தொகுதியில் உள்ள 61 என்ற எண்ணிட்ட நட்சத்திரத்தின் தூரத்தை வெளியிட்டு, முதன்முதலில் நட்சத்திரத் தூரத்தை அளந்தவர் என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போனார். ஹென்டர்சனின் முடிவு 1839 ஜனவரியில்தான் வெளிவந்தது. அவர் கணித்த அசைவு உண்மையைவிட ஒன்றரை மடங்கு போல அதிகம். தயங்கியதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அளந்ததில் முந்தியவர், வெளியிட்டதில் பிந்தினார்.

உங்கள் மகன் சொன்னதை "ஏறக்குறைய சரி" என்றேனே, அதற்குக் காரணம் மூன்றாவது ஒன்று இருப்பதுதான். 1915இல் ஜோகன்னஸ்பர்க் யூனியன் வானாய்வகத்தின் ராபர்ட் இன்னஸ், சில ஆண்டு இடைவெளியில் எடுத்த புகைப்படத் தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, ஆல்ஃபாவிலிருந்து இரண்டு பாகைக்குச் சற்று மேல் தள்ளி ஒரு மங்கலான புள்ளி ஆல்ஃபாவோடு சேர்ந்தே நகர்வதைக் கண்டார். அதுதான் பிராக்சிமா சென்டாரி. சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் என்று கறாராகச் சொன்னால் இதுதான்: 4.24 ஒளியாண்டு. சூரியனின் எடையில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே உள்ள சிவப்புக் குள்ள நட்சத்திரம். வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆறு அங்குலத் தொலைநோக்கியும் நல்ல வரைபடமும் பொறுமையும் வேண்டும், கண்டுபிடித்தாலும் பத்தோடு பதினொன்றாகச் சிவந்த ஒரு சிறு புள்ளிதான். ஆல்ஃபா ஜோடியை அது சுற்றிவர சுமார் ஐந்தரை லட்சம் ஆண்டு ஆகிறது.

"அருகில்" என்ற பேச்சில் ஏமாந்துவிட வேண்டாம். 4.37 ஒளியாண்டு என்றால் சுமார் 41 லட்சம் கோடி கிலோமீட்டர். வினாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர் 1 அந்தத் திசையில் போவதாக வைத்துக்கொண்டாலும் 75,000 ஆண்டுக்கு மேல் பிடிக்கும். மறுபுறம், அந்த மூன்றும் நம்மை நோக்கி வினாடிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்துகொண்டிருக்கின்றன. இன்னும் ஏறக்குறைய 27,000 ஆண்டில் சுமார் 3 ஒளியாண்டு வரை நெருங்கி, பிறகு விலகிப் போகும். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் நம் சூரியன் எப்படித் தெரியும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வடவானத்துக் காசியோப்பியா தொகுதியின் ஐந்து நட்சத்திர வளைவுக்கு அருகே ஆறாவதாக ஒரு மஞ்சள் நட்சத்திரம் சேர்ந்திருக்கும். அதுதான் நாம்.

இப்போது கோள் பற்றிய கேள்வி. இதில் கொஞ்சம் நிதானம் தேவை, ஏனென்றால் நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் பற்றிய அறிவிப்புகளில் பொய்த்துப்போனவை ஏராளம். இந்த வரிசையில் மிகப் பழையதே நம் ஊரில் தொடங்கியது. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் வில்லியம் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதையில் ஒரு தடுமாற்றத்தைக் கண்டு, அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் காரணமாக இருக்கலாம் என்று 1855இல் எழுதினார். வேற்று நட்சத்திரத்துக்குக் கோள் உண்டு என்று அளவுகளைக் காட்டி ஒருவர் வாதிட்டது அதுவே முதல்முறை. அந்தக் கோள் இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

ஆல்ஃபா சென்டாரிக்கும் அதே கதி நேர்ந்தது. 2012இல், ஜோடியில் சிறியதைப் பூமி அளவிலான கோள் ஒன்று மூன்று நாளுக்கு ஒருமுறை சுற்றுவதாக அறிவிப்பு வந்தது. உலகமெங்கும் தலைப்புச் செய்தி. 2015இல் அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், விட்டு விட்டு எடுத்த அளவுகளின் கால இடைவெளியே அப்படியொரு பொய்த் தாளத்தை உண்டாக்கியிருக்கிறது என்று காட்டிவிட்டார்கள்.

2016 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பிராக்சிமாவின் கோள் அப்படியல்ல. அது உறுதியானது, வேறு கருவிகளாலும் சரிபார்க்கப்பட்டது. எடை குறைந்தபட்சம் பூமியின் அளவு. ஓர் ஆண்டு என்பது அங்கே 11.2 நாள். நட்சத்திரத்துக்கு அவ்வளவு ஒட்டிச் சுற்றினாலும் நட்சத்திரமே மங்கல் என்பதால், நீர் திரவமாக இருக்கக்கூடிய வெப்பம் உள்ள தொலைவில்தான் அது இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான் "இரண்டாம் பூமி" என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பிராக்சிமா சாதுவான நட்சத்திரம் அல்ல; அடிக்கடி வெடித்துச் சீறும். 2016 மார்ச்சில் ஒருமுறை அதன் ஒளி சில நிமிடங்களுக்கு 68 மடங்கு உயர்ந்தது. அந்தக் கதிர்வீச்சை ஒட்டிநின்று வாங்கும் ஒரு கோளில் காற்று மண்டலம் மிஞ்சியிருக்குமா என்பதே கேள்வி. உயிர் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். 2022இல், பூமியின் எடையில் கால் பங்கே உள்ள இன்னொரு கோளும் அங்கே இருப்பதாக அறிவித்தார்கள்.

ஜோடியில் பெரியதைப் பற்றியும் புதுச் செய்தி உண்டு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2024 ஆகஸ்டில் எடுத்த படங்களில், அதன் அருகே சனிக் கோள் அளவு எடையுள்ள ஒன்று தெரிவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி தேடியபோது அது காணப்படவில்லை. பாதையில் நட்சத்திரத்துக்கு மிக அருகே வந்துவிட்டதால் மறைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் வாதம். இருக்கலாம். ஜேக்கப்பின் கதையும் 2012இன் கதையும் தெரிந்தவர்கள் இன்னொரு முறை தென்படட்டும் என்று காத்திருப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை இனிச் சொல்லப்போகிறேன். சென்டாரஸில் பார்க்கவேண்டிய முதல் பொருள் எது என்று என்னைக் கேட்டால் ஆல்ஃபாவைச் சொல்ல மாட்டேன், ஓமேகாவைச் சொல்வேன். ஆல்ஃபாவின் சிறப்பெல்லாம் தெரிந்துகொண்டு பார்ப்பதில் இருக்கிறது. ஓமேகா சென்டாரி எதுவும் தெரியாமல் பார்த்தாலும் வாயடைக்க வைக்கும். கண்டுபிடிப்பதும் எளிது. சித்திரை நட்சத்திரத்தை அறிவீர்கள் அல்லவா, ஸ்பைகா என்கிறார்களே, அது. மே மாத நடுவில் இரவு 10 மணி வாக்கில் அது தெற்கே உயரத்தில் நிற்கும். அங்கிருந்து நேர் கீழே, நீட்டிய கையில் விரல்களை மடக்கிப் பிடித்த முட்டி அளவில் மூன்றரை முட்டி இறங்குங்கள். இருட்டான இடமென்றால் வெறுங்கண்ணுக்கே ஒரு பஞ்சுத் திப்பி போன்ற மங்கல் ஒளி தெரியும். உங்கள் ஊரில் அது 33, 34 பாகை உயரம் ஏறும் என்பதால் அடிவானப் புழுதிச் சிக்கலும் குறைவு.

தாலமி அதை நட்சத்திரம் என்றே எழுதினார். 1603இல் ஜெர்மனியின் பேயர் தம் வரைபடத்தில் ஓமேகா என்ற எழுத்தைக் கொடுத்ததும் நட்சத்திரம் என்று நினைத்துத்தான். 1677இல் செயின்ட் ஹெலினா தீவுக்கு வந்திருந்த, இருபது வயது தாண்டியிராத எட்மண்ட் ஹேலிதான் அது புள்ளி அல்ல, புகை போன்ற ஒன்று என்று கவனித்தார். இன்று தெரிந்தது: சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில், 150 ஒளியாண்டு அகலத்தில், ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்ட கோளக் கொத்து. நம் பால்வீதியைச் சுற்றியுள்ள இத்தகைய கொத்துகளில் இதுவே பெரியது. மையத்தில் நட்சத்திரங்களுக்கிடையே சராசரி இடைவெளி ஓர் ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்குதான். நமக்கு அடுத்த நட்சத்திரம் 4.24 ஒளியாண்டில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து இதைப் படியுங்கள்.

இது உண்மையில் கொத்துதானா என்பதே வழக்கில் இருக்கிறது. சாதாரணக் கோளக் கொத்தில் எல்லா நட்சத்திரங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே சரக்கிலிருந்து பிறந்தவை. ஓமேகாவில் வெவ்வேறு வயதும் வெவ்வேறு வேதிக்கலப்பும் உள்ள பல தலைமுறைகள் கலந்திருக்கின்றன. ஆகவே முன்னொரு காலத்தில் பால்வீதி ஒரு சிறிய விண்மீன் மண்டலத்தை விழுங்கியது, அதன் வெளிப்பகுதி கரைந்துபோய் எஞ்சிய கருதான் இது என்று பலரும் கருதுகிறார்கள். 2024இல் இதற்கு வலுவான சான்று கிடைத்தது. ஹபிள் தொலைநோக்கி இருபது ஆண்டுக்கும் மேலாக எடுத்த 500க்கும் அதிகமான படங்களை வைத்து 14 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வை அளந்தபோது, மையத்துக்கு மிக அருகே ஏழு நட்சத்திரங்கள் அளவு மீறிய வேகத்தில் ஓடுவது தெரிந்தது. அந்த வேகத்தில் அவை கொத்தை விட்டே பறந்து போயிருக்க வேண்டும். போகாமல் இழுத்துப் பிடித்திருப்பது குறைந்தபட்சம் 8,200 சூரியன் எடையுள்ள கருந்துளை என்பது அவர்கள் முடிவு. சில பத்து சூரியன் எடையுள்ள கருந்துளைகளும் தெரியும். பல லட்சம், பல கோடி சூரியன் எடையுள்ளவையும் தெரியும். நடுவில் உள்ளவை அகப்படாமலே இருந்தன. அந்த இடைவெளியில் விழுகிறது இது.

சித்திரையிலிருந்து ஓமேகாவுக்கு இறங்கும் அதே கோட்டில், ஓமேகாவுக்கு நாலரைப் பாகை மேலே இன்னொன்று இருக்கிறது: சென்டாரஸ் ஏ. 1826இல் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில் ஜேம்ஸ் டன்லப் கண்டது. சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள தனி விண்மீன் மண்டலம். வட்டமான ஒளியை ஒரு கரிய தூசிப் பட்டை குறுக்கே வெட்டிப்போகும். வேறொரு மண்டலத்தோடு மோதி அதை உட்கொண்டதன் அடையாளம் அந்தப் பட்டை. வானொலி அலைகளை மிக வலுவாக வீசும் பொருள்களில் ஒன்று. பைனாகுலரில் மங்கல் புள்ளி மட்டுமே. பட்டையைப் பார்க்க நல்ல இருட்டும் ஆறு, எட்டு அங்குலத் தொலைநோக்கியும் வேண்டும்.

இன்னும் சில விநோதங்கள் உண்டு, கண்ணுக்கு எட்டாதவை. பிஷிபில்ஸ்கி நட்சத்திரம் என்று ஒன்று. 1961இல் ஆஸ்திரேலியாவில் பணிபுரிந்த போலந்துக்காரர் ஒருவர் கண்டுபிடித்ததால் அவர் பெயர். சாதாரண நட்சத்திரத்தில் இருக்கவேண்டிய இரும்பு குறைவாகவும், ஹோல்மியம் போன்ற அரிய தனிமங்கள் வகைதொகையின்றியும் அதில் தெரிகின்றன. திருப்தியான விளக்கம் இன்றுவரை இல்லை. பூமராங் நெபுலா என்ற வாயு, தூசி மேகம், இயற்கையில் நாம் அறிந்த மிகக் குளிர்ந்த இடம்: கழித்தல் 272 பாகை செல்சியஸ், அதற்குக் கீழே வெப்பநிலை இறங்கவே முடியாத முழுச் சுழியத்துக்கு ஒரு பாகை மட்டுமே மேல். கி.பி. 185இல் சீன வானியலாளர்கள் ஆல்ஃபாவுக்குப் பக்கத்தில் ஒரு "விருந்தாளி நட்சத்திரம்" தோன்றி மாதக்கணக்கில் ஒளிர்ந்து மறைந்ததைக் குறித்து வைத்தார்கள். எழுத்தில் பதிவான முதல் சூப்பர்நோவா, அதாவது நட்சத்திர வெடிப்பு, அதுவாக இருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து.

கருவி விஷயத்துக்கு வருகிறேன். தொலைநோக்கியில் பணத்தைப் போடுமுன் 10 மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் கண்ணாடியுள்ள ஒரு பைனாகுலர் வாங்குங்கள். ஓமேகா அதில் அருமையாகத் தெரியும். ஆல்ஃபா, ஹடார் இரண்டின் நிற வேறுபாடும் துலக்கமாகும். கையில் பிடித்தால் நடுங்கும், முக்காலியில் பொருத்திவிடுங்கள். ஆல்ஃபாவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க மட்டும் மூன்று அங்குலமாவது உள்ள தொலைநோக்கி வேண்டும். "500 மடங்கு" என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்கும் பொம்மைக் கருவிகளின் பக்கம் போகவேண்டாம். ஆல்ஃபாவுக்கு 80 மடங்கே தாராளம், அதற்கு மேல் போனால் அடிவானக் காற்றின் கொதிப்புத்தான் பெரிதாகத் தெரியும். முதல் முறை அமாவாசையை ஒட்டிய இரவாகத் தேர்ந்தெடுத்து, பத்து மணிக்கு ஓமேகாவில் தொடங்குங்கள். அதைப் பார்த்து முடிப்பதற்குள் ஆல்ஃபா தன் முழு உயரத்துக்கு வந்திருக்கும்.